யன்னலை மறைத்த அலுமாரி

இந்தக் குறிப்பில் நான் நேரில் கண்டவற்றையும், என் காதால் கேட்டவற்றையும், அளவு நாடாவால் அளந்தவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். காரணம் இரண்டு. முதலாவது, இச்செய்தி எங்கள் தெருவில் ஏற்கெனவே மூன்று விதமாக உலவுகிறது. ஒரு விதத்தில் நான் கடை முகாமையாளரின் சட்டையைப் பிடித்திருக்கிறேன். இன்னொன்றில் என் மகள் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள். மூன்றாவதில் திருமணமே நின்றுபோயிற்று. மூன்றும் பொய். இரண்டாவது காரணம் என் கோபம். கோபத்தில் இருப்பவன் பத்தடியைப் பன்னிரண்டடி என்பான். எதிரில் நின்றவன் சொல்லாத சொல்லையும் அவன் வாயில் வைப்பான். நான் இன்னும் கோபத்தில்தான் இருக்கிறேன். ஆகவே ஐயத்துக்கு இடமான எதையும் சேர்க்கவில்லை. என் மனைவி மட்டும் கேட்டவை வருமிடத்தில், அவள் கேட்டவை என்றே குறித்திருக்கிறேன். பெயர்களும் இல்லை. இதில் வருவோர் பெரும்பாலோர் ஒரே நெடுஞ்சாலையின் ஓரத்தில் வாழ்பவர்கள். நாளையும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர்கள்.

கிழக்கிலங்கையில், கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் மணமான பெண் பிறந்த வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுகிறார். அந்த வீட்டைக் கட்டி அவள் பெயரில் உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுப்பது பெற்றோரின் கடமையாகக் கொள்ளப்படுகிறது. நானும் கட்டினேன், எங்கள் வளவின் பின்பகுதியில், கடற்பக்கமாக. அதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. என் மகளுக்குத் தன் பெயரில் ஒரு கூரை இருப்பது நல்லது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் நிக்காஹ்வுக்குச் சில நாள்களின் முன்னர் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் 'வீடு பார்க்க' வருவார்கள். சுவரையும் கூரையையும் அவர்கள் பார்ப்பதில்லை. கட்டிலைத் தட்டுவார்கள், அலுமாரியைத் திறப்பார்கள், மெத்தையை விரலால் அமுக்குவார்கள். அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் மெத்தையின் தடிப்பு தெரிந்துவிடும். இதை நான் எப்போதும் வெறுத்து வந்திருக்கிறேன். வெறுத்தேனே தவிர, ஒரு தடவையேனும் மறுத்ததில்லை.

என் மகள் சட்டம் படிக்கிறாள். இறுதிப் பரீட்சை திருமணத்துக்கு நான்கு மாதங்களின் பின்னர் வரவிருந்தது. வீடு எழும்பிக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: படுக்கையறையின் கிழக்கு யன்னலின் கீழே தன் மேசை நிற்க வேண்டும். யன்னலின் இடத்தையும் அவளே மேசனுக்குக் காட்டினாள். கடற்காற்று அதன் வழியாகத்தான் வரும். நான் ஓம் என்றேன். அவள் கேட்டதும் நான் ஒப்பியதும் ஐயத்துக்கு இடமில்லாதவை.

அறையின் அமைப்பையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வடக்குத் தெற்காகப் பதினோரடி. கிழக்கு மேற்காகப் பன்னிரண்டடி. கிழக்குச் சுவரில் யன்னல். வடக்குச் சுவரில் அறைக்கதவு. தெற்குச் சுவரில் குளியலறைக் கதவு. எனவே நீளமான பொருள் எதுவாயினும் அது கிழக்குச் சுவரோரம் நிற்க வேண்டும், அல்லது மேற்குச் சுவரோரம் நிற்க வேண்டும். வேறு இடமில்லை.

நிக்காஹ்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் இரு வீட்டாருக்கும் தூரத்து உறவு. இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவரும் அவரே. அவரோடு பேசியவள் என் மனைவி. நான் கேட்கவில்லை. பேசி முடித்து வந்து அவள் சொன்னதைத்தான் கேட்டேன்.

"அறைக்கு அஞ்சி சாமான் செட் எதிர்பாக்கிறாங்களாம்."

"ஆரு?"

"அவங்கதான். வேற ஆரு?"

கட்டில், அதன் இரு பக்கங்களிலும் வைக்கும் சிறு பெட்டிகள் இரண்டு, அலுமாரி, கண்ணாடி மேசை. ஆக ஐந்து. நான் மீண்டும் விசாரிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரை நேரில் அழைத்துக் கேட்டிருக்கலாம். அவ்வாறு கேட்பது அநாகரிகம் என்று எண்ணினேன். ஐந்து பொருள்களைப் பெண்ணின் தகப்பனிடம் கேட்பது அநாகரிகம் அன்று. கேட்டீர்களா என்று அவன் விசாரிப்பதுதான் அநாகரிகம்! இந்த ஒழுங்கை எங்களுக்கு யார் கற்பித்தார்களோ அறியேன். நன்றாகத்தான் கற்பித்திருக்கிறார்கள்.

பெருந்தள்ளுபடிக் களஞ்சியம் ஒன்றைப் பற்றி மனைவியின் கைத்தொலைபேசிக்கு விளம்பரம் வந்தது. ஒரு சனிக்கிழமை நானும் மனைவியும் மகளும் முச்சக்கர வண்டியில் புறப்பட்டுக் காரைதீவுச் சந்தியில் உள்நாட்டுப் பக்கம் திரும்பினோம். அதற்கு மேல் வழி சொல்ல மாட்டேன். சொன்னால் கடை தெரிந்துவிடும். வயல்களுக்கு நடுவே தகரக் கூரையிட்ட பெரிய கொட்டகை. வாயிலில் 'இன்றே இறுதி நாள்' என்று ஒரு பதாகை. அதன் சிவப்பு வெயிலில் வெளிறி, ஆரஞ்சு நிறமாகியிருந்தது. ஒரு பதாகை அவ்வளவு வெளிறுவதற்கு எத்தனை இறுதி நாள்கள் கடக்க வேண்டும் என்று எண்ணியபடியேதான் உள்ளே போனேன். உள்ளே போனேன் என்பதுதான் முக்கியம்.

கொட்டகைக்கு யன்னல் இல்லை. வெளிச்சம் முழுவதும் லொறி நுழையும் பெரிய வாயில் வழியாகவே வந்தது. நூற்றுக்கணக்கான கட்டில்கள், மெத்தையின்றி, வரிசை வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு அட்டை. அதில் ஒரு பெரிய விலை, அதன் மேல் ஒரு கோடு, கீழே ஒரு சிறிய விலை. அந்தப் பெரிய விலையை எவரேனும் என்றேனும் கொடுத்தார்களா என்பதை உறுதிப்படுத்த எனக்கு வழியில்லை.

விற்பனைக்கு நின்ற இளைஞன் வாய்க்கெட்டிக்காரன்.

"வாங்க சேர், வாங்க ராத்தா. பாக்கிறதுக்குக் காசில்ல."

"தம்பி," என்றாள் மனைவி, ஓர் அலுமாரியின் பலகையை விரலால் சுண்டி, "இதுல விலையக் குறச்சிரிக்கா, பலகையக் குறச்சிரிக்கா?"

"பலக அதேதான் ராத்தா. வில மட்டும் மெலிஞ்சி போச்சி."

"நீங்களும் மெலிஞ்சிதான் இரிக்கீங்க. நீங்களும் தள்ளுபடியில வந்த ஆளா?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். மகளும் சிரித்தாள். நாங்கள் மூவரும் மகிழ்ச்சியாக இருந்தோம் என்பதையும் உண்மையின் பொருட்டுப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஐந்து பொருள்கள் கொண்ட செட் ஒன்று பிடித்துப்போயிற்று. அலுமாரி நான்கு கதவுகளுடன் எட்டடி நீளமிருந்தது. மகள் நாடாவை எடுத்து அளந்தாள்; இரண்டாம் முறையும் அளந்தாள்.

"வாப்பா, எட்டடி. என்ட மேசைய எங்க வைக்கிற?"

"வச்சிப் பாத்தாத் தெரியும் புள்ள," என்றான் விற்பனையாளன். எங்கிருந்தோ ஒரு சுண்ணக்கட்டி கொண்டுவந்து, அளவு கேட்டு, சீமெந்துத் தரையில் எங்கள் அறையை அப்படியே வரைந்தான். என் மனைவி வெளிச்சம் வந்த வாயிலைப் பார்த்து நின்று கையைக் காட்டினாள். "இது கடல் பக்கம். இதுல யன்னல்." எங்கள் ஊரில் கிழக்கு என்று எவரும் சொல்வதில்லை. கடல் பக்கம், வயல் பக்கம் என்பவைதான் எங்கள் திசைகள். வெளிச்சமும் காற்றும் எப்பக்கத்திலிருந்து வருகின்றனவோ அது கடல் பக்கம். சுண்ண அறைக்கு யன்னல் அவ்வாறு அமைந்தது. இரு கதவுகளையும் அதற்கேற்பக் குறித்தான். கட்டிலின் தலைமாடு யன்னல் சுவரோரம். அதன் அருகே, யன்னலின் நேர் கீழே, மேசைக்கு மூன்றரை அடி மிச்சம். எதிர்ச் சுவரில் அலுமாரி. எல்லாம் பொருந்தின. மகள் சுண்ணக் கோட்டுக்குள், மேசை நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்றாள். "போதும் வாப்பா," என்றாள்.

எனக்கு ஓர் ஐயம் எஞ்சியிருந்தது. கிப்லா, அதாவது தொழும்போது நாம் முகம் திருப்பும் மக்காவின் திசை, இந்நாட்டில் மேற்கு. சற்றே வடக்கே சாய்ந்த மேற்கு. உறங்கும்போது அத்திசையில் கால் நீட்டுவதை எங்கள் வீடுகளில் எவரும் விரும்பார். சிறிது நேரத்துக்கு முன்னர்தான் கடையின் தொழுகை அறையில் ளுஹர் என்னும் நண்பகல் தொழுகையைத் தொழுதிருந்தேன். அங்கே சுவரில் பச்சை அம்புக்குறி ஒன்று திசை காட்டியது. திரும்பவும் அந்த அறைக்குப் போய் அம்பைப் பார்த்து, வெளியே வந்து கட்டிலைப் பார்த்தேன். அம்பு வாயிலை நோக்கியிருந்தது. கட்டிலின் தலைமாடும் வாயில் பக்கம். கால்மாடு அதற்கு எதிர்ப்பக்கம். "சரியா இரிக்கி," என்றேன்.

"வாப்பா பாத்திட்டாரு எண்டாச் சரிதான்," என்றாள் மகள்.

நான் சரிபார்த்தது கடையின் கிப்லாவை. சுண்ண அறையின் யன்னல் வாயிலை நோக்கியிருந்தது. வாயில் மேற்கே இருந்தது. எங்கள் வீட்டு யன்னலோ கிழக்கே இருக்கிறது. அரை நிமிடம் சிந்தித்திருந்தால் புரிந்திருக்கும். கவனக்குறைவால் செய்த பிழையாயின் மறந்திருப்பேன். இதனை நான் மிகுந்த கவனத்தோடு, இரு தடவை நடந்து போய்ப் பார்த்துச் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை பொருள்கள் வந்தன. கடையின் ஆள்கள் இருவர் பலகைகளை இறக்கி, நான் வரைந்து கொடுத்த படத்தின்படி பூட்டி முடித்துப் போனபோது பிற்பகல் அஸர் தொழுகை கழிந்திருந்தது. மகள் தன் மேசையைக் கொண்டுவந்து யன்னலின் கீழ் வைத்தாள். புத்தகங்களை அடுக்கினாள். நாற்காலியில் அமர்ந்து ஒரு பக்கத்தைத் திறந்தாள். ஏறத்தாழ அரை மணி நேரம் அவள் அங்கே இருந்தாள்.

பின்னர் மனைவி விரிப்போடு வந்தாள். தலையணையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"இஞ்ச பாருங்க. அஸருக்கு எந்தப் பக்கம் பாத்துத் தொழுதீங்க?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். என் கை தலைமாட்டிலிருந்து புறப்பட்டு, கட்டில் நெடுகச் சென்று, கால்மாட்டைக் கடந்து, அலுமாரியின் நடுக்கதவில் போய் முட்டிற்று. மூவரும் அந்தக் கையைப் பார்த்தோம்.

செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. கட்டிலைத் திருப்பி, தலைமாட்டை மேற்குச் சுவருக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படியானால் அங்கே நிற்கும் அலுமாரி கிழக்குச் சுவருக்கு வர வேண்டும். அயல் ஆள்களைக் கூப்பிட்டு அன்றே மாற்றினோம். ஏழடி உயர அலுமாரி யன்னலை முழுமையாக மூடிக்கொண்டு நின்றது. நடுப்பகலிலும் விளக்குப் போட வேண்டிய அறையாயிற்று. மேசையை முன்கூடத்தில் கொண்டுபோய் வைத்தோம்.

"கலியாணம் முடியட்டும், பொறகு பாப்போம்," என்றேன் மகளிடம். "கொஞ்ச நாளைக்கி ஹோலுக்குள்ள இருந்து படி."

"ஹோலுக்குள்ளயா? வாற போற ஆக்களுக்குள்ளயா?" அவள் குரலை உயர்த்தவில்லை. "வாப்பா, இந்த ஊட்ட என்ட பேரில எழுதினீங்க. ஒரு மேச வைக்க எனக்கு எடமில்ல. இது ஆர்ட ஊடு?"

மனைவி, விரிப்பை மடித்துக்கொண்டே, எவரிடமும் சொல்லாதவள் போலச் சொன்னாள்: "இவரு மாப்புளயா வந்த நேரம் என்ட தையல் மெசினக் கொண்டு குசினிக்குள்ள வச்ச. அறைக்குள்ள அலுமாரி வந்திச்செண்டு."

முப்பது ஆண்டுகளாக அந்த அலுமாரியில் என் சட்டைகள் தொங்குகின்றன. தையல் இயந்திரம் அடுப்படியில் புகை படிந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டதில்லை. அன்று என் கோபத்தில் ஒரு பகுதி தன் திசையை மாற்றிக்கொண்டது. அதைப் பொறுத்துக்கொள்ள முடியாமல்தான் மறுநாள் கடைக்குப் போனேன். கடைக்காரன்மேல் கோபப்படுவது எளிது.

முகாமையாளர் கண்ணாடித் தடுப்புக்குள் குளிரூட்டியின் கீழ் இருந்தார். நான் கேட்டது இது: நான்கு கதவு அலுமாரியைத் திருப்பி எடுத்துக்கொண்டு, இரண்டு கதவு அலுமாரி ஒன்றைத் தாருங்கள், மீதிப் பணம் வேண்டாம்.

"செட்டப் பிரிக்க ஏலா சேர். தள்ளுபடிச் சாமான் எடுத்தா எடுத்ததுதான். பில்லுக்குப் பின்னால போட்டிரிக்கி."

போட்டிருந்தது. எறும்பு வரிசை போன்ற எழுத்தில்.

"அந்தா ஒரு அலுமாரி தனிய நிக்கிதே. அத எந்தச் செட்டுல இரிந்து பிரிச்சீங்க?"

"அது வேற கேஸ்."

"என்ன வேற?"

"சேர், சாமான்ல பழுதிரிக்கா? கீறல் இரிக்கா? சொல்லுங்க, மாத்தித் தாறன்."

நான் காரணத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப கிப்லாவயும் நாங்கதான் பில்லுல எழுதித் தரணுமா சேர்?" என்று கேட்டார். கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெண் தலையைக் குனிந்து சிரித்தாள். சுண்ணக்கட்டியால் அறை வரைந்த விற்பனையாளன் தொலைவில் ஓர் உணவு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான், என்னைப் பார்க்கவில்லை.

நான் எவருடைய சட்டையையும் பிடிக்கவில்லை. இரண்டு கதவு அலுமாரிகள் பத்துக்கு மேல் என் கண்முன் நின்றன. மனமிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் கடையின் அம்பை நம்பி வீட்டுக் கட்டிலுக்குத் திசை குறித்தவன் நான்தான். நியாயம் நம் பக்கம் அரைவாசியாக இருக்கும்போது வரும் கோபம் போலக் கசப்பது வேறில்லை. வெளியே வந்தபோது 'இன்றே இறுதி நாள்' பதாகை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

வீடு பார்க்க வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள் காலை. மகளுக்குக் கட்டிய வீட்டிலிருந்து சத்தம் கேட்டுப் போனேன். மகள் திருகாணிச் சாவியோடு அலுமாரியின் முன்னே தரையில் அமர்ந்திருந்தாள். இரண்டு கதவுகள் ஏற்கெனவே கழன்று கட்டிலின் மேல் கிடந்தன. மனைவி திருகாணிகளைச் சிறு கோப்பையில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்ற?" என்றேன்.

"யன்னலத் திறக்கிறன் வாப்பா."

"நாளைக்கி அவங்க வாறாங்க. வந்து எண்ணுவாங்க."

"எண்ணட்டும். அஞ்சும் ஊட்டுக்குள்ளதானே இரிக்கப் போகுது. ஹோலுக்குள்ள இரிந்தா எண்ண வராதா?"

"சிரிப்பாங்க."

"என்னப் பாத்து ஆரும் சிரிச்சா நான் செத்துப்போக மாட்டன். சோதினையில தவறினாத்தான் எனக்குக் கவல."

தடுக்கும் சொற்கள் பல என்னிடம் இருந்தன. ஊர், முறை, நாள் நெருக்கம். அவற்றுள் ஒன்றேனும் அவளுக்காகச் சொல்லப்படுவதன்று என்பது அப்போது தெரிந்தது, எல்லாம் எனக்காக. நான் அறைக்கதவைப் பிடித்துக்கொண்டேன், பலகைகள் வெளியே போவதற்கு. அவ்வளவுதான் என் பங்கு. அதற்கு மேல் எதுவும் செய்ததாக ஊரார் சொன்னால் நம்ப வேண்டாம்.

அமுக்கிய மரத்தூளால் செய்த பலகை ஒருமுறை கழன்றால் மறுமுறை பிடிப்பதில்லை. திருகாணிகள் துளைகளில் சும்மா சுழன்றன. துளைகளிலிருந்து மாவு போலத் தூள் கொட்டிற்று. பலகையைத்தான் குறைத்திருக்கிறார்கள் என்று மனைவி சொன்னாள். மாலைவரை போராடி இருவரும் அதை முன்கூடத்தில் நிறுத்தினார்கள். ஒரு கதவு மூடவே இல்லை. கரையோரச் சந்தையில் விலை கேட்டுச் சலித்தவர் வாய் போல அரைவாசி திறந்து தொங்கிற்று.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் மாப்பிள்ளையின் தாயும் அவருடைய தங்கையும் வந்தார்கள். தங்கை நுழைந்ததும் நுழையாததுமாக அலுமாரியைக் கண்டார்.

"இதென்னகா, அலுமாரி ஹோலுக்குள்ள நிக்கிது? வாற ஆக்கள்ட செருப்ப வைக்கவா?"

"அறைக்குள்ள யன்னல மறைக்கிது சாச்சி," என்றாள் மகள். "யன்னலுக்குக் கீழ என்ட மேச. நான் படிக்கணும்."

"கலியாணம் முடிச்ச பொறகும் படிப்பா? மாப்புளையப் பாப்பியா, பொத்தகத்தப் பாப்பியா?"

"அவரு என்ன, ஓடியா போகப் போறாரு? சோதினதான் சாச்சி ஓடிப் போகும்."

தங்கை தொங்கிய கதவை இரண்டு விரலால் தள்ளிப் பார்த்தார். அது கிறீச்சிட்டு மீண்டும் வந்தது. "கதவும் மூடுதில்ல," என்றார் அக்காளைப் பார்த்து.

நான் பேசுவதாக இருக்கவில்லை. பெண்கள் வீடு பார்க்கும்போது ஆண்கள் பேசுவது எங்கள் வழக்கமன்று. ஆயினும் அந்தக் கதவு கிறீச்சிட்டபோது என் வாய் திறந்துவிட்டது. "நீங்க கேட்ட அஞ்சும் இரிக்கி," என்றேன். "உள்ள நாலு, வெளிய ஒண்டு. எண்ணிப் பாருங்க. இதுக்கு மேல எண்ணுறதுக்கு என்னட்ட ஒண்டுமில்ல." குரல் பெரிதாகவே இருந்தது. பக்கத்து வளவில் கேட்டிருக்கும். தெருக்கதைகளுக்கு அதுவே வித்தாகியிருக்கலாம்.

மாப்பிள்ளையின் தாய், அதுவரை ஒரு சொல்லும் பேசாதவர், முந்தானையைச் சரிசெய்துகொண்டு என்னை நேராகப் பார்த்தார். எங்கள் ஊர்களில் காக்கா என்றால் அண்ணன்.

"காக்கா, நாங்க எப்ப அஞ்சி சாமான் கேட்ட?"

"கேட்டதாச் சொன்னாங்க."

"ஆரு சொன்ன? கட்டிலும் பாயும் இரிந்தாப் போதும் எண்டுதான் நாங்க சொல்லி அனுப்பின. நீங்கதான் பெரிசாச் செய்றீங்க, எங்களுக்கு நெருக்குது, மருமகளுக்கு மணிக்கூடு வாங்கிற நாங்க இப்ப மோதிரமும் சேத்து வாங்கணுமே எண்டு நான் யோசிச்சிக் கொண்டிரிக்கன்."

அவர் பொய் சொன்னவராகத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பது என் எண்ணம். அதைச் சான்றாக முன்வைக்க மாட்டேன். தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்காள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அறைக்குள் போய் மேசையைப் பார்த்தார். திறந்திருந்த யன்னலில் கையை வைத்துக் காற்றைப் பார்த்தார். மகளிடம், "எப்ப சோதின?" என்று கேட்டார். மகள் மாதத்தைச் சொன்னாள். அவர் தலையசைத்தார். தேநீர் குடித்தார்கள், போனார்கள்.

அன்றே நான் அந்தத் தூரத்து உறவினரை அழைத்தேன். இம்முறை என் காதாலேயே கேட்டேன். "நான் எங்க சொன்ன? ஒங்கட ஊட்டுக்காரிதான் கேட்டா, அஞ்சி சாமான் செட் போட்டா மனம் நெறையுமா எண்டு. நான் ஓம் எண்டன். வேணாமெண்டா சொல்ற?" என்றார். மனைவியிடம் கேட்டேன். "அவருதான் முதல்ல அஞ்சி எண்ட. நான் என்னத்துக்குக் கேக்கிற?" என்றாள். இருவரும் உறுதியாகச் சொன்னார்கள். இருவரையும் பல ஆண்டுகளாக அறிவேன். பொய் சொல்லும் பழக்கம் இருவரிடமும் இல்லை.

ஒரு மாதம் முழுவதும் எவர்மீதோ கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த எவரோ இல்லாமலே போகக்கூடும் என்பது என் கோபத்தைத் தணிக்கவில்லை, இரட்டிப்பாக்கிற்று. கேட்டவர் ஒருவர் இருந்தால் அவர் முகத்தில் எறிந்திருக்கலாம். எவரும் கேளாமலே கொடுக்க ஓடியிருக்கிறோமாயின், ஓடியவன் நான். மகள் கேட்ட ஒரேயொரு பொருளைத் தூக்கி வெளியே வைத்தவனும் நான். எங்கள் ஊர்களில் இந்த வாரமும் எத்தனையோ தகப்பன்மார் அந்தப் பதாகையின் கீழே நுழைந்து, கேட்கப்பட்டதா என்று உறுதியில்லாத பொருள்களை அளந்துகொண்டிருப்பார்கள். அவர்கள்மீதும் எனக்குக் கோபம்.

நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. மருமகன் மகளின் வீட்டுக்குக் குடிவந்தார். மேசை யன்னலின் கீழே நின்றது. மகள் நான்கு மாதங்கள் அதில் இருந்து படித்துப் பரீட்சை எழுதினாள். அலுமாரி முன்கூடத்தில் நிற்கிறது. இவை உறுதியானவை.

உறுதியாகாதவை இவை. பரீட்சை முடிவு இதை எழுதும் நாள்வரை வெளியாகவில்லை. அந்த ஐந்து சாமான் பேச்சில் மருமகனுக்குப் பங்கு இருந்ததா, அவர் அதை அறிவாரா என்று நான் கேட்கவில்லை, ஆகவே தெரியாது. மாப்பிள்ளையின் தாய் உண்மையில் என்ன சொல்லி அனுப்பினார் என்பதற்கு அவருடைய வார்த்தையைத் தவிரச் சான்றில்லை. ஐந்து என்று முதலில் சொன்னவர் தூரத்து உறவினரா, என் மனைவியா, வேறொருவரா என்பதும் எனக்குத் தெரியாது.